கரையாத தங்கம், கரையும் வெள்ளி

மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிகிறதே, அது பெரும்பாலும் தங்கம். கொரோனா காலத்தில் மூக்குச் சளியைச் சொட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்த பட்டைகளில் பலவற்றிலும் கோடு போட்டது தங்கம்தான். தீக்காயத்துக்குப் போடும் சில கட்டுத்துணிகளில் இருப்பது வெள்ளி. குடிநீர் வடிகட்டிகள் சிலவற்றிலும், நாற்றம் வராது என்று சொல்லி விற்கும் காலுறைகளிலும் வெள்ளி. எல்லாமே நானோ துகள்கள். ஆனாலும் தங்கத்தின் வேலையை வெள்ளியிடமோ, வெள்ளியின் வேலையைத் தங்கத்திடமோ ஒப்படைப்பது அபூர்வம். அது ஏன் என்று பார்த்தாலே நானோ துகள் என்பது என்ன, அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. தனிம அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. வெள்ளிக் கட்டியில் அடுத்தடுத்த இரு அணுக்களின் இடைவெளி 0.289 நானோமீட்டர், தங்கத்தில் 0.288. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் ஒன்றே. இரண்டையும் எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் உருக்கிக் கலக்கலாம். இவ்வளவு நெருக்கமான இரண்டு உலோகங்கள் ஒரு விஷயத்தில் அடியோடு பிரிகின்றன. காற்றும் நீரும் தங்கத்தை ஒன்றும் செய்வதில்லை. வெள்ளியைச் சிறுகச் சிறுகக் கரைக்கின்றன. கட்டியாக இருக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. துகளாக்கிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோ துகள் என்கிறோம். வெறுமனே அளவு சிறுத்திருந்தால் இவற்றைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுந்திருக்காது. அளவு சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகுகிறது. ஒரு சவரன், அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தை ஒரே கனசதுரமாக வார்த்தால் அதன் ஆறு முகங்களையும் சேர்த்தாலும் மூன்றரைச் சதுர சென்டிமீட்டர் தேறாது. அதே சவரனை 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 250 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஒரு கிரவுண்டு மனையைவிட அது சற்று அதிகம். வெள்ளியின் அடர்த்தி தங்கத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே 8 கிராம் வெள்ளியை அப்படியே துகளாக்கினால் இரண்டு கிரவுண்டைத் தாண்டிவிடும்.

10 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ ஏழில் ஓர் அணு வெளிப்புறத்தில் இருக்கிறது. 3 நானோமீட்டருக்கு இறங்கினால் பத்தில் நான்கு. வேதிவினை நடப்பது வெளிப்புறத்தில்தான். கட்டிக்குள் அடைபட்டிருந்தவரை எந்த வினையிலும் சேராத அணுக்கள், துகளில் காற்றையும் நீரையும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. சந்திப்பது தங்க அணுவா வெள்ளி அணுவா என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

தங்கத் துகள் செய்வதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. குடுவையை முதலில் இராஜ திராவகத்தால் கழுவுகிறார்கள். துளி அழுக்கு இருந்தாலும் துகள்கள் கெட்டுவிடும். தங்கக் குளோரைடைக் கரைத்த நீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். அதைக் கொதிக்கவைத்து, காந்தக் குச்சி சுழன்றுகொண்டிருக்கும்போதே சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றுகிறார்கள். மஞ்சள் மறைகிறது. சற்று நேரம் குடுவையில் வெறும் தண்ணீர் கொதிப்பதாகவே தோன்றும். பிறகு சாம்பல் படர்ந்த நீலம், கருநீலம், ஊதா என்று மாறி, சில நிமிடங்களில் ஆழ்ந்த செந்நிறத்தில் வந்து நிற்கும். ஜான் டுர்கெவிச் 1951-ல் ஆராய்ந்து வகுத்த இந்த முறையைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும், குறைத்தால் பெருக்கும்.

வெள்ளியில் இது வேறு மாதிரி. வெள்ளி நைட்ரேட்டைச் சோடியம் போரோஹைட்ரைடு கரைசலில் சேர்த்தால் மஞ்சள் கரைத்த நீரைப் போல ஒரு நிறம் வருகிறது. தங்கம் தன் மஞ்சளை இழந்து சிவப்பாக, வெள்ளி அந்த மஞ்சளை எடுத்துக்கொள்கிறது. உலோகத்துக்குள் கட்டற்று அலையும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் மிகச் சிறிதாக இருக்கும்போது அதிலுள்ள அத்தனை எலக்ட்ரான்களும் ஒளியோடு சேர்ந்து ஒன்றாக ஆடுகின்றன. எந்த நிறம் அந்த ஆட்டத்துக்கு ஒத்துப்போகிறதோ அந்த நிறத்தைத் துகள் விழுங்கிவிடும். சிறிய தங்க உருண்டைகளுக்கு அது 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை. எஞ்சி வெளியே வருவது சிவப்பு. வெள்ளிக்கு 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா, எஞ்சுவது மஞ்சள்.

இதைக் கண்டுகொள்ளப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. செய்துபார்ப்பதோ அதற்கு வெகுமுன்பே நடந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை ஒன்று இருக்கிறது. லைக்கர்கஸ் கோப்பை என்பது அதன் பெயர். வெளிச்சம் வெளியிலிருந்து விழுந்தால் பச்சை, உள்ளிருந்து வந்தால் சிவப்பு. ஏறக்குறைய 70 நானோமீட்டர் அளவில் வெள்ளியும் தங்கமும் கலந்த துகள்கள் அந்தக் கண்ணாடிக்குள் இருப்பதை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. வெள்ளி ஏழு பங்கு என்றால் தங்கம் மூன்று பங்கு. செய்தவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மைக்கேல் பாரடே 1857-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில்தான், சிவப்பு நீரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுகிப்போன தங்கமே என்று முதன்முதலாகத் தெளிவாகச் சொன்னார். அவர் தயாரித்த கரைசல்கள் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

வெள்ளிக்கு ஒரு பாரடே வாய்த்திருந்தால் அவர் தன் குடுவைகளை இப்படி விட்டுச்சென்றிருக்க முடியுமா என்பது சந்தேகம். பிலடெல்பியாவில் கேரி லியா 1889-ல் நீலம், சிவப்பு, தங்க நிறம் என்று வெள்ளியைப் பல நிறங்களில் செய்து காட்டினார். அவையெல்லாம் வெள்ளியின் புதுப்புது வடிவங்கள் என்று அவர் கருதினார். எளிதில் மாறிவிடும் தன்மை அவற்றுக்கு இருந்தது. நிறங்களுக்கான கணக்கைக் குஸ்தாவ் மீ 1908-ல் வகுத்தார்.

பாரடே செய்த இன்னொரு சோதனையை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்து பார்க்கலாம். சிவப்புத் தங்கக் கரைசலில் கொஞ்சம் உப்புநீர் விட்டால் உடனே நீலமாகிவிடும். ஒவ்வொரு துகளையும் சூழ்ந்திருக்கும் சிட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துவிட, துகள்கள் கூடுகின்றன. கூடினால் நிறம் மாறுகிறது. ஓர் அணுகூட இதில் காணாமல்போவதில்லை. வெள்ளிக் கரைசலில் இதே உப்பைப் போட்டால் கூடுவதோடு கதை முடிவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்து துகளின் வெளிப்புற அணுக்களை வெள்ளிக் குளோரைடாக மாற்றத் தொடங்குகின்றன. மஞ்சள் நிறம் மங்குகிறது. தங்கம் இடம் மாறி நின்றது. வெள்ளி வேறு பொருளாகவே மாறிக்கொண்டிருக்கிறது.

பரிசோதனை அட்டைக்குத் தங்கத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். அட்டையின் பிளாஸ்டிக் உறையை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு நீளமான பட்டை இருக்கும். சொட்டு விடும் குழிக்கு அடுத்தாற்போல் ஊதா கலந்த செந்நிறத்தில் ஒரு சிறு துண்டு. உலர்த்திவைத்த தங்கம் அது: சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள், ஒவ்வொன்றின் மேலும் கர்ப்பகால ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள். சிறுநீர் பட்டையில் ஊறிச் செல்லும்போது தங்கத்தையும் கரைத்து அழைத்துச் செல்கிறது. ஹார்மோன் இருந்தால் அது ஒரு பக்கம் தங்கத்தின் ஆன்டிபாடியிலும், மறுபக்கம் ‘டி’ என்று குறித்த இடத்தில் பதித்திருக்கும் ஆன்டிபாடியிலும் மாட்டிக்கொள்கிறது. துகள்கள் அங்கே குவிய, கோடு கண்ணுக்குத் தெரிகிறது. மிஞ்சியவை ‘சி’ கோட்டில் போய் நிற்கின்றன; பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி. இத்தனைக்கும் ஆகும் தங்கம் சில மைக்ரோகிராம்தான். தங்கம் விற்கிற விலைக்கு இந்த அட்டை எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

இந்த அட்டை சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அதன் தங்கம் தங்கமாகவே இருக்க வேண்டும். சிறுநீரிலும் இரத்தத்திலும் உப்பு நிறைய. அதில் நனைந்தும் அது வேறு பொருளாக மாறக்கூடாது. வெள்ளியால் இதற்கு உத்தரவாதம் தர முடியாது. நிறத்தின் வலிமையை மட்டும் பார்த்தால் வெள்ளிதான் மேல். அதே அளவுள்ள துகள் என்றால் தங்கத்தைவிட வெள்ளி ஒளியோடு வலுவாக ஆடுகிறது. அந்த வலிமையைச் சுளையாகப் பயன்படுத்திக்கொண்ட துறை ஒன்றும் இருக்கிறது. சி. வி. இராமன் 1928-ல் கொல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் ஒவ்வொரு மூலக்கூறையும் அடையாளம் காட்டவல்லது. ஆனால் மிக மெலிதானது. 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின் மேல் பிரிடின் என்ற பொருளை வைத்துப் பார்த்தபோது அந்த மெலிந்த ஒளி எதிர்பாராத அளவுக்கு ஓங்கித் தெரிந்தது. 1997-ல் வெள்ளித் துகள்களின் துணையோடு ஒற்றை மூலக்கூறையே இனம் கண்டதாக இரண்டு குழுக்கள் அறிவித்தன. எனினும் ஆய்வகத்துக்கு வெளியே எடுத்துச்செல்லும் கருவிகளுக்குப் பலரும் தங்கத்தையே நாடுகிறார்கள். வெள்ளிப் பரப்பு நாளாக ஆக மங்கிவிடும். நேற்றைய அளவீட்டையும் இன்றைய அளவீட்டையும் ஒப்பிட முடியாமல்போகும்.

இதுவரை சொன்னதில் கரைவது வெள்ளியின் குறைபாடாகத் தோன்றும். கிருமிகளிடம் அதே குணம்தான் வெள்ளியின் ஆயுதம்.

லைப்சிக் நகரின் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுவிடத் தொடங்கினார். தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் பார்வை பறிபோகும் கொடுமை அதனால் வெகுவாகக் குறைந்தது. அவர் மகன் பென்னோ கிரெடே, கூழ்ம நிலையிலுள்ள வெள்ளியைக் காலர்கால் என்ற பெயரில் 1897-ல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வரும்வரை வெள்ளிதான் கிருமிநாசினிகளில் முன்வரிசையில் இருந்தது. தீக்காயத்துக்கு நம்மூர் மருத்துவமனைகளில் பூசும் வெண்ணிறக் களிம்பில் இன்றும் இருப்பது வெள்ளியின் ஒரு சேர்மமே. அந்தக் களிம்பை ஒரு நாளில் ஓரிரு முறை துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். வெந்த தோலின் மேல் துடைப்பது எவ்வளவு வலி என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். 1990-களின் இறுதியில் கனடாவில் உருவான நானோ வெள்ளிக் கட்டுத்துணி இந்த வலிக்கு நேரடியான பதில். துணியை நீரில் நனைத்துக் காயத்தின் மேல் போட்டுவிட்டால் வெள்ளித் துகள்கள் நாட்கணக்கில் சிறுகச் சிறுக அயனிகளை வெளியிடும். தினமும் பிரிக்க வேண்டியதில்லை. நானோ துகள்களால் மனிதர்களுக்குக் கிடைத்த நன்மைகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

கிருமியைக் கொல்வது துகளா, துகளிலிருந்து கரைந்து வரும் அயனியா என்று நெடுநாள் வழக்கு நடந்தது. நானோ என்பதாலேயே ஒரு தனிச் சக்தி இருப்பதாகப் பலர் எழுதினார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ அல்வாரஸின் குழு 2012-ல் வெளியிட்ட சோதனை எளிமையானது, நேர்த்தியானது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெள்ளி கரையாது. ஆகவே ஆக்சிஜன் அறவே இல்லாத பெட்டிக்குள் ஈ. கோலை பாக்டீரியாவையும் வெள்ளித் துகள்களையும் சேர்த்து வைத்தார்கள். அளவை மிகவும் கூட்டியும் பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொண்டன. காற்றுப் பட்ட துகள்களோ கொன்றன. ஆக, வெள்ளித் துகளை ஒரு சேமிப்புக் கிடங்கு என்று சொல்வதே சரி. கொல்லும் சரக்கு அயனிதான். அந்த அயனி பாக்டீரியாவின் நொதிகளில் கந்தகம் உள்ள இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது.

இந்தச் சோதனையை நம் கல்லூரிகளில் இன்னும் அதிகம் பேர் படித்திருக்க வேண்டும் என்று ஆதங்கப்படுகிறேன். வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்கத் துகள்களைச் செய்யலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் குழு 2004-ல் காட்டியது. அதன் பிறகு துளசி, கீழாநெல்லி, முருங்கை என்று தோட்டத்தில் உள்ள அத்தனை இலைகளையும் முதுகலை மாணவர்கள் அரைத்துவிட்டார்கள். இலைச்சாற்றை வெள்ளி நைட்ரேட்டில் விட, கரைசல் பழுப்பாகிறது. அதை அகார் தட்டில் வெட்டிய குழியில் நிரப்பி, மறுநாள் குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, துகள்கள் கிருமியைக் கொல்கின்றன என்று முடித்துவிடுகிறார்கள். கரைசலில் மாறாமல் மிஞ்சிய வெள்ளி நைட்ரேட் எவ்வளவு? துகள்களை மையவிலக்கியில் பலமுறை கழுவிப் பிரித்தார்களா? அதே அளவு வெள்ளி நைட்ரேட்டை மட்டும் ஊற்றிய ஒரு குழி பக்கத்தில் இருந்ததா? இந்த மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அந்த வட்டத்தை வரைந்தது துகளா, மிஞ்சிய உப்பா, இலைச்சாறா என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கத்தில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வருவதில்லை. தங்கத் துகள் தானாகக் கிருமியைக் கொல்வது குறைவு. மருந்தை ஏற்றி அனுப்பினால்தான் கொல்லும்.

சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு செய்த வேலையில் இரண்டு உலோகங்களையும் ஒரே நஞ்சின் முன் நிறுத்திப் பார்க்கலாம். 2003-ல் புட்டி நீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்து நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். தங்கம், வெள்ளித் துகள்களின் பரப்பில் எண்டோசல்ஃபான், குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவை ஒட்டிக்கொள்வதையும் சில சிதைவதையும் அந்தக் குழு அதே காலத்தில் கண்டறிந்தது. எண்டோசல்ஃபான் சேர்ந்ததும் சிவப்புத் தங்கக் கரைசல் நீலமாயிற்று. நஞ்சு இருப்பதைக் காட்டத் தங்கம் போதும். வீட்டுக் குழாயில் நாள்தோறும் வரும் நீரிலிருந்து அதைப் பிடித்து நிறுத்தக் கிலோ கணக்கில் பொருள் வேண்டும். அங்கே தங்கம் கட்டுப்படியாகாது. அலுமினாக் குருணையின் மேல் வெள்ளித் துகள்களைப் பூசி உருவாக்கிய வடிகட்டி 2007-ல் விற்பனைக்கு வந்தது. இங்கே வெள்ளி கரைந்து வேலை செய்யவில்லை, பரப்பில் பிடித்துவைத்தே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே குழு கிருமிகளை ஒழிக்க வெள்ளியைப் பயன்படுத்தியபோது எதிர்ப்பட்ட சிக்கல் விசித்திரமானது. நல்ல நீரில் கரையும் வெள்ளி, கிணற்று நீரில் சில வாரங்களிலேயே கரைவதை நிறுத்திக்கொள்கிறது. நீரிலுள்ள உப்புகளும் கரிமப் பொருள்களும் துகளின் மேல் படிந்து மூடிவிடுகின்றன. கரையும் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, அது கரையவில்லையே என்று கவலைப்படும் நிலை. 2013-ல் வெளியான அவர்கள் தீர்வில், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் அலுமினியம் ஆக்ஸிஹைட்ராக்சைடும் சேர்ந்து கூண்டுபோல் அமைய, வெள்ளித் துகள்கள் அதற்குள் இருக்கின்றன. படிவுகள் உள்ளே எட்டுவதில்லை. அயனிகள் மட்டும் வெளியே வருகின்றன, நூறு கோடிப் பங்கு நீருக்கு ஏறக்குறைய 40 பங்கு என்ற சீரான அளவில். குடிநீரில் வெள்ளிக்கு ஏற்கத்தக்க உச்சவரம்பாகக் கொள்ளப்படும் அளவு 100 பங்கு. கரைவதை நிறுத்தாமலும் மிகாமலும் கட்டுப்படுத்தியதில்தான் இந்தக் கண்டுபிடிப்பின் பெருமை இருக்கிறது.

கந்தகத்தை எடுத்துக்கொண்டால் இரு உலோகங்களின் சுபாவமும் பளிச்சென்று தெரியும். இரண்டுக்குமே கந்தகத்தின் மேல் பற்று அதிகம். வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைச் சல்பைடாக மாற்றுவதால்தான். தங்கச் சங்கிலிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. துகள் அளவில் தங்கமும் கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் மேற்பரப்போடு சரி. இங்கிலாந்தின் லிவர்பூலில் புரூஸ்டும் ஷிஃப்ரினும் 1994-ல், கந்தக முனை கொண்ட தயோல் மூலக்கூறுகளால் தங்கத் துகளைப் போர்த்தி, உலர்த்திப் பொடியாக்கி, மறுபடி கரைக்கும் அளவுக்கு உறுதியாக்கினார்கள். தயோலின் மறுமுனையில் மருந்தைக் கட்டலாம், டிஎன்ஏ இழையைக் கட்டலாம். 1996-ல் சாட் மிர்கினின் குழு அப்படி டிஎன்ஏ கட்டிய தங்கத் துகள்களை, குறிப்பிட்ட மரபுத் தொடர் எதிர்ப்பட்டால் மட்டும் கூடி நிறம் மாறும்படி செய்தது. தங்கத்துக்குக் கந்தகம் பிடிமானம். வெள்ளிக்கு அதுவே முடிவு.

உடலுக்குள் அனுப்புவதற்குத் தங்கத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்த அசையாத குணத்தை நம்பித்தான். ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸும் ஜெனிபர் வெஸ்டும் மணல் வகையான சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓட்டைப் படியவைத்து, தசையை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிச் சூடாகும் துகள்களை உருவாக்கினார்கள். புற்றுக்கட்டியில் சேரும் துகள்களின் மேல் லேசரைப் பாய்ச்சினால் கட்டி மட்டும் வெந்துபோகும். சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோயில் நடந்த முதல் மனித சோதனையின் முடிவு 2019-ல் வெளிவந்தது. 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையைச் செய்துமுடிக்க முடிந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவே. கரையாத பொருள் உடலை விட்டு எளிதில் வெளியேறாது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கம் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. அதுவும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. வளர்ப்பு உயிரணுக்களை மாதக்கணக்கில் கவனித்த பாரிஸ் ஆய்வாளர்கள், துகள்கள் மெல்லச் சிதைந்து மறுபடி படிகமாவதை 2020-ல் காட்டினார்கள். தங்கத்தைத் தீங்கற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை.

வேதிவினையில் தங்கம் சோம்பேறி என்ற எண்ணத்தையும் ஒருவர் உடைத்துவிட்டார். ஜப்பானின் மசடாக்கே ஹருடா, 5 நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்களை உலோக ஆக்சைடுகளின் மேல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவை மைனஸ் 70 டிகிரிக் குளிரில்கூட எரித்துவிடும் என்று 1987-ல் காட்டினார். அங்கேயும் தங்கம் வினையை நடத்துகிறதே தவிர, தான் தீர்ந்துபோவதில்லை.

தங்க பஸ்பத்தில் நானோ அளவுப் படிகங்கள் இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதைக் காட்டி, முன்னோர்கள் நானோ மருத்துவம் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். ஒரு பொருள் நானோ அளவில் இருக்கிறது என்பது அளவைப் பற்றிய செய்தி. நோயைக் குணமாக்குமா என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். இதைவிட எனக்குக் கவலை தருவது, எல்லா நோய்க்கும் மருந்து என்று இணையத்தில் விற்கும் கூழ்ம வெள்ளி நீர். அதைப் பாதுகாப்பானது, பலன் தருவது என்று ஏற்க முடியாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-லேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து உடலே நீலச்சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிறம் போகாது. தயவுசெய்து யாரும் குடிக்க வேண்டாம்.

காலுறைக்கு வருவோம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2008-ல் வெள்ளி சேர்த்த காலுறைகளை வாங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் நான்கே அலசல்களில் தம்மிடமிருந்த வெள்ளி கிட்டத்தட்ட முழுவதையும் விட்டுவிட்டன. வேறு சில இறுகப் பிடித்துக்கொண்டன. விட்டுவிட்ட வெள்ளி சாக்கடை வழியே கழிவுநீர் நிலையத்துக்குப் போகிறது. அமெரிக்கக் கழிவுநீர்ச் சகதியில் வெள்ளிச் சல்பைடு நானோ துகள்கள் இருப்பதை 2010-ல் கண்டார்கள். கொலுசில் நடக்கும் அதே வினை அங்கேயும் நடந்திருக்கிறது. சல்பைடு நீரில் கரைவது மிகமிகக் குறைவு என்பதால் நஞ்சும் பெருமளவு தணிந்துவிடுகிறது. ஆகவே ஆறெல்லாம் வெள்ளியால் நஞ்சாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

என் ஆட்சேபம் வேறு. 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு தீக்காயப் பிரிவில், வெள்ளி நைட்ரேட்டுக்கு மசியாத சால்மோனெல்லா பாக்டீரியா தலைகாட்டியது. உள்ளே வரும் வெள்ளி அயனியைப் பிடித்து வெளியே தள்ளும் மரபணுக்கள் அதனிடம் இருந்தன. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிடில் அவை அமைந்திருந்தன. சிறு அளவு வெள்ளி எங்கும் எப்போதும் இருந்தால் அத்தகைய மரபணு உள்ள கிருமிகளே பிழைத்துப் பெருகும். வெந்த உடம்போடு படுத்திருப்பவருக்கு வெள்ளி தேவை. கால் நாற்றத்துக்குச் சோப்பும் வெயிலும் போதும். தங்கம் சேர்த்த அட்டைகளை எத்தனை கோடி விற்றாலும் இப்படி ஒரு கேள்வியே எழுவதில்லை; தங்கம் எந்தக் கிருமியையும் பழக்கிவிடுவதில்லை. ஆகவே நானோ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டுக்கும் ஒரே விதி எழுதுவது தவறு என்று நினைக்கிறேன். கரையும் பொருளா, எவ்வளவு வேகத்தில் கரைகிறது, கரைந்தது எங்கே போய்ச் சேர்கிறது என்ற மூன்றையும் கேட்டு உரிமம் தருவதே முறை.

இரண்டையும் ஒரே குடுவையில் விட்டால் என்ன ஆகும் என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம். 2002-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூனான் சியாவின் குழு, கச்சிதமான கனசதுர வடிவில் வெள்ளித் துகள்களைச் செய்து அவற்றின் மேல் தங்கக் குளோரைடு கரைசலைச் சேர்த்தது. மூன்று வெள்ளி அணுக்கள் கரைந்தால் ஒரு தங்க அணு படிகிறது. வெள்ளி உள்ளிருந்து வெளியேற, தங்கம் வெளிப்புறத்தில் சுவராக எழும்புகிறது. முடிவில் கிடைப்பது உள்ளே வெற்றிடமும் சுவரில் துளைகளும் கொண்ட ஒரு நானோ கூண்டு. எவ்வளவு தங்கம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அது விழுங்கும் ஒளியை இரத்தமும் தசையும் தடுக்காத 800 நானோமீட்டருக்கு நகர்த்த முடிகிறது. கூண்டுக்குள் மருந்தை வைத்து, சூட்டில் சுருங்கும் பாலிமரால் துளைகளை மூடி, லேசர் பட்டதும் திறக்கச் செய்திருக்கிறார்கள். பெரும்பாலான சோதனைகள் உயிரணுக்களிலும் எலிகளிலும் நடந்தவை. மனித உடலுக்கு இதைக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது, அந்தத் தங்கச் சுவருக்குள் கரையாமல் மிச்சமிருக்கும் வெள்ளியை.